நம்ம பேருதானே

சம்மட்டி என்று பெயர் வாங்கிய எதிர் யார்டுக்காரன் தன் தம்பியைக் கையால் அடித்து நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சம்மட்டிக் காம்பால் அடித்ததை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். மழை விட்டிருந்த காலை அது. எதிர் யார்டிலிருந்து துருத் தண்ணீர் தெருவைக் கடந்து என் எடைமேடை வரை சிவப்பாக வந்து நின்றிருந்தது. நான் அதைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தேன். திறந்திருந்த கேட்டுக்குள் காம்பு தோளில் விழுந்த சத்தம், ஈர மூட்டையைத் தரையில் போட்டதுபோல் கேட்டது.

தம்பி விழவில்லை. இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சொல்லு. இன்னொரு வாட்டி சொல்லு."

"விரிசல் இருக்குண்ணே."

இன்னொரு அடி விழுந்தது.

"இப்ப?"

"இப்பவும் இருக்கு."

இதுதான் அந்தக் குடும்பம். அண்ணனுக்குக் கை நீளம், தம்பிக்கு நாக்கு நேர். இரண்டில் ஒன்று குறைந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பார்கள்.

அது பழைய வண்டிகளை உடைக்கும் யார்டு. லாரி, வேன், கார் எது செத்தாலும் அங்கேதான் வரும். வரும்போது ஒரு தடவை, போகும்போது இரும்பாக ஒரு தடவை, என் மேடையில் ஏறி இறங்கும். அண்ணன் அடித்துப் பிளப்பவன். அதனால் அவன் சம்மட்டி. கேஸ் கட்டரைப் பிடித்தான் என்றால் ஒரு லாரியை ஒரு பொழுதில் எலும்பாக்கிவிடுவான். தம்பி எதையும் உடைக்க மாட்டான், கழற்றுவான். துருப்பிடித்த போல்ட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அதோடு பேசிக்கொண்டிருப்பான். அவனுக்குத் திருப்புளி என்று பெயர் வைத்தவர்கள் அவனிடம் சாமான் வாங்க வந்த மெக்கானிக்குகள். மூன்றாவது ஆள் அண்ணி, சம்மட்டியின் பெண்டாட்டி. ஒயரைச் சீவிச் செம்பு எடுப்பது, சமைப்பது, வந்தவனுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவள். அந்த வீட்டில் ஒழுங்காக எழுதப் படிக்கத் தெரிந்ததும் அவளுக்கும் திருப்புளிக்கும்தான். சம்மட்டியின் விரல்கள் சூடு பட்டுப் பட்டுத் தடித்து, போனில் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று விழும்.

சண்டை ஸ்டியரிங் ராடுகளுக்காக. ஒரே கம்பெனி லாரிகளிலிருந்து கழற்றிய ராடுகள். திருப்புளி அவற்றை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவி வெயிலில் வைத்தான். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரியும். நல்ல சாமானுக்கு மஞ்சள் பெயின்டில் ஒரு புள்ளி வைப்பான். இந்த ராடுகளில் மூன்றில் கோடு தெரிந்தது. அவற்றை உருக்கப் போகும் இரும்போடு போடச் சொன்னான். அண்ணன் மாட்டேன் என்றான்.

"கண்ணுக்கே தெரியாத கோடு. அதுக்குப் போயி ராட உருக்கணுமா?"

"ஓட்டுறவன் கண்ணுக்கும் தெரியாதுண்ணே. அதான் பயமா இருக்கு."

"பயமா இருந்தா வெளிய போ. இது பயந்தவனுக்கான எடம் இல்ல."

போய்விட்டான். வேறெங்கே போவான், தெருவைத் தாண்டி என் தகரக் கொட்டகைக்குத்தான். எண்ணெய்க் கேனும் கருவிப் பெட்டியும் ஒரு போனும் கொண்டுவந்தான். தோள்பட்டை எலும்பு நகர்ந்திருந்தது. கட்டுப் போட்டுக் கூட்டிவந்தேன். இடது கையால் கழற்றப் பழகிக்கொண்டான். மதியத்தில் அண்ணி யார்டு மதில் மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். சோறும் பொரித்த மீனும் இருக்கும். மீனில் முள்ளெடுத்திருப்பாள், ஒற்றைக் கையால் சாப்பிடுகிறவனுக்காக.

"அடிக்கிறதும் அந்த வீடு, சோறு போடுறதும் அதே வீடு. நல்ல ஏற்பாடுக்கா," என்பான்.

"வாய மூடிட்டுத் தின்னு," என்பேன்.

இனி அந்தப் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லா வினையும் அதில்தான் இருந்தது.

யார்டு கேட்டின் மேல் அவர்கள் அப்பாவின் பட்டப்பெயர் இருந்தது. தகரத்தில் எழுத்து எழுத்தாக வெட்டி, பற்றவைத்து, சிவப்புப் பெயின்ட் அடித்தது. அப்பா போன பிறகு திருப்புளி இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினான். அதற்கு முகவரியாக வாங்கியதும் கேட்டில் இருந்த அதே பெயர்தான், பின்னால் ஒரு புள்ளியும் மூன்று எழுத்தும். வாங்கும்போது அடையாள அட்டை சரியாக இருந்தது அண்ணிக்கு மட்டும்தான். ஆகவே அவள் போனில், அவள் பெயரில் வாங்கினார்கள். அதில் அப்போது யாருக்கும் தப்பாக எதுவும் தெரியவில்லை.

அந்த முகவரியை வைத்து அவன் என்ன செய்தான் என்பதை என் அறையில் டீ குடித்துக்கொண்டே ஒருநாள் சொன்னான்.

"மெக்கானிக்குங்க எல்லாம் கூடிப் பேசுற சைட் ஒண்ணு இருக்குக்கா. அதுல பாஸ்வேர்டு கெடையாது. போன் நம்பரும் கேக்காது. உனக்குன்னு சொந்தமா ஒரு அட்ரஸ் இருந்தா அதச் சொல்லிட்டு உள்ள வரலாம்."

"சொன்னா நம்பிடுமா?"

"நம்பாது. நம்ம வீட்டுக்குப் போயிக் கதவத் தட்டும். உன் பேரச் சொல்லிக்கிட்டு ஒருத்தன் வந்திருக்கான், உன் ஆளான்னு கேக்கும். வீடு ஆமான்னு சொன்னா உள்ள விடும்."

"வீடு எப்படிடா பேசும்?"

"நம்ம பக்கத்துல ஒரு வரி எழுதி வெச்சிருக்கேன். கண்ணுக்குத் தெரியாது. என் மெயில் எதுன்னு அதுல இருக்கு. அந்த மெயிலுக்கு ஒரு நம்பர் அனுப்புவாங்க. அத அடிச்சுக் காட்டினா நான்தான்னு ஆயிடும். ஒரே அட்ரஸ வெச்சு இன்னும் நாலஞ்சு சைட்டுக்குப் போறேன். எவன் தயவும் வேணாம். என் பேரு, என் வாசல்."

நான் படிக்காதவள்தான். ஆனாலும் வாசல் விவகாரம் எனக்குத் தெரியும்.

"அப்ப அந்த வரிய எவன் மாத்தி எழுதுறானோ, அவன்தானே நீ?"

சிரித்தான். "வீட்டுக்குள்ள யாருக்கா இருக்கா? அண்ணனும் அண்ணியும்தானே."

"அது கேட்டுல இருக்குற பேருடா. யார்டு பேரு. உனக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிக்க."

"எதுக்குக்கா? நம்ம பேருதானே."

அந்தச் சைட்டில் அவனுக்கு அப்படியொரு மதிப்பு. திருகாணியைப் பிடித்திருக்கும் அவன் கைதான் அவன் படம். ஊர் ஊராக மெக்கானிக்குகள் கேட்பார்கள். அவன் இது ஓடும், இது ஓடாது என்று இரண்டு வார்த்தையில் எழுதுவான். திருப்புளி ஓடும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவார்கள். என் கொட்டகைக்கு வந்த பிறகும் அது நடந்துகொண்டிருந்தது.

ஒரு மதியம் வெயில் கொளுத்தியது. தகரம் தலைக்கு மேல் டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்தது. அவன் போனைத் தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு நிறுத்தி, என்னைப் பார்த்தான்.

"உள்ள விட மாட்டேங்குது."

"நெட் இல்லியோ என்னவோ."

"இருக்கு. தட்டிப் பாக்குது. வீடு என்னத் தெரியாதுன்னு சொல்லுது."

வெளியில் நின்றபடியே அந்தச் சைட்டைப் படிக்க முடியும், பேசத்தான் முடியாது. விரலால் தள்ளித் தள்ளிப் படித்தான். முகம் செத்துப்போய்விட்டது.

"நான் அங்க பேசிக்கிட்டிருக்கேன்கா," என்றான்.

வாங்கிப் பார்த்தேன். அவன் பெயர், அவன் கை படம். அதன் கீழே எழுதியிருந்தது: 'ஸ்டியரிங் ராடு இருக்கு. ஊற வெச்சு, தூள் போட்டுப் பாத்தாச்சு. தைரியமா மாட்டலாம். மஞ்சப் பொட்டு வெச்சிருக்கேன்.' அதற்குக் கீழே ஆளாளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். ராடு விற்றும் போயிருந்தது.

"பொட்டுன்னு நான் எழுதினதே இல்லக்கா. புள்ளின்னுதான் எழுதுவேன். பொட்டுன்னு சொல்றது அண்ணி."

எழுந்து மதிலுக்குப் போனான். நானும் பின்னால் ஓடினேன். அண்ணி ஒயர்க் குவியல் நடுவே உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தபோது கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது.

"அண்ணி, அந்த வரிய மாத்தினீங்களா?"

அவள் அடுத்த ஒயரை இழுத்துக்கொண்டாள்.

"என் குரல்ல எழுதியிருக்கீங்க."

"உங்க குரல் எனக்குத் தெரியாதா தம்பி. இத்தன வருசமா சோறு போடுறேன்." ஒயரைச் சீவிக்கொண்டே சொன்னாள். "முடியாதுன்னு சொல்லித்தான் பாத்தேன். வாயப் பாருங்க. அதுக்கு மேல எனக்குத் தெம்பில்ல."

சம்மட்டி கட்டரை அணைத்துவிட்டு வந்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் முகத்தில் திருட்டுத்தனம் இல்லை. தன் பொருளை எடுத்துக்கொண்டவன் முகம்தான் இருந்தது.

"என்னடா வேணும்?"

"என் பேரக் குடு."

"உன் பேரா? மேல பாரு. அது எங்கப்பன் பேரு. இந்த கேட்டு பேரு. கேட்ட விட்டு வெளிய போனவன் அந்தப் பேர எடுத்துக்கிட்டு ஊரெல்லாம் சுத்துவான், நான் வேடிக்க பாக்கணுமா?"

"பேரு யார்டோடதுதான். ஆனா அதுல பேசினது நான். என்ன நம்பித்தான் வாங்குறாங்க."

"நம்பர் யார்கிட்டயோ வண்டி அவனோடது. நம்ம அப்பன் சொன்னது."

அது அந்தத் தொழிலின் பேச்சு. வண்டிக்கு உயிர் சேஸ் நம்பரில் இருக்கிறது. செத்த வண்டியின் நம்பர் முழுசாக வெளியே போனால், யாராவது அதைத் திருட்டு வண்டியில் பற்றவைப்பான். திருட்டு வண்டி அந்த நிமிடமே யோக்கியமான வண்டியாகிவிடும். அதனால் அவர்கள் அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். எது உடைக்க வந்தாலும் முதல் வேலை நம்பரை உளியால் கொத்தித் தட்டையாக்குவது. தனியாக ஒருவன் செய்யக்கூடாது. ஒருவன் உளியைப் பிடிக்க வேண்டும், மற்றவன் அடிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் சிறுவயதிலிருந்து அப்படி நின்று நான் பார்த்திருக்கிறேன். தம்பி பிடிப்பான், அண்ணன் அடிப்பான். ஒரு நாளும் அடி தவறியதில்லை.

"அத அடிச்சுத் தட்டையாக்கச் சொன்னதும் நம்ம அப்பன்தான். எடுத்து வேற வண்டிக்கு மாட்டச் சொல்லல," என்றான் திருப்புளி.

சம்மட்டி அறைந்தான். அன்றுதான் தம்பி முதல்முதலாகத் திருப்பி அடித்தான். கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. அண்ணன் காதுக்கு மேல் பிளந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கியது. சம்மட்டி அவன் தலைமுடியைப் பிடித்து கேட்டில் மோதினான். கேட்டு அதிர்ந்து, மேலே அப்பா பெயர் கிடுகிடுத்தது. இன்னொரு தடவை மோதினான். நான் துருத் தண்ணீர் வாளியைத் தூக்கி இருவர் மேலும் ஊற்றி, வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். ஒரே வயிற்றில் பிறந்து ஒரே தட்டில் தின்றவர்கள் தெருநாய் மாதிரி நிற்கிறீர்களே என்றேன். எது ரத்தம் எது துரு என்று தெரியாமல் இருவரும் சிவப்பாக நின்றார்கள். அண்ணி கண்ணை எடுக்காமல் ஒயர் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி அவள் விரலில் இறங்கியிருந்ததை அவளே கவனிக்கவில்லை.

அதன் பிறகு திருப்புளி, சைட்டில் மட்டும் பழகிய மெக்கானிக்குகளின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் போட்டான். அந்த ராடுகளை மாட்டாதீர்கள், அதை எழுதியது நான் இல்லை என்றான். ஒருவன் சிரித்தானாம். "பேச்சு திருப்புளி மாதிரியேதான் இருக்கு. ஆனா அவரு இப்பத்தான் சைட்ல எனக்குப் பதில் போட்டாரு." இன்னொருவன் எந்த யார்டுக்காரன் உன்னைத் தூண்டிவிட்டான் என்று கேட்டானாம். வேறொரு முகவரி வாங்கி உள்ளே போய் எழுதியும் பார்த்தான். புது முகவரி, புது ஆள். முந்தாநாள் வந்தவன் திருப்புளியைக் குறை சொல்கிறான் என்று எல்லோரும் சேர்ந்து ஏசினார்கள்.

"எனக்காக என்னயே திட்டுறாங்கக்கா. நல்ல பசங்க," என்றான். சிரிப்பு வாய் வரை வந்து நின்றுவிட்டது.

ராடு ஒரு மலை இறக்கத்தில் முறிந்தது. காய்கறி ஏற்றிய வண்டி. ஸ்டியரிங் சும்மா சுற்றியிருக்கிறது. சுவரில் மோதி, ஓட்டியவன் நெஞ்சு ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே நசுங்கி, எடுப்பதற்குள் போய்விட்டான். முறிந்த ராட்டைப் படம் எடுத்துச் சைட்டில் போட்டிருந்தார்கள். அதில் மஞ்சள் பொட்டு பளிச்சென்று இருந்தது.

திருப்புளி அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க எதையும் கழற்றவில்லை. நான் ரொட்டியும் முட்டையும் வைத்தேன், தொடவில்லை. தோளில் அடி வாங்கிய அன்றுகூட அழாதவன், அந்த ஓட்டுநருக்காக அழுதான்.

அன்று எதிர் வீட்டுக்குள் நடந்ததை அண்ணி பிற்பாடு என்னிடம் சொன்னாள். சம்மட்டி அன்று கட்டரைப் பற்றவைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தானாம்.

"போன எடு. எழுது."

"என்னன்னுங்க?"

"நான்தான். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

"வேற?"

"வேற என்ன இருக்கு. அவ்வளவுதான்."

சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் தன் தடித்த விரலால் தானே அனுப்பினானாம். பாவத்தை ஒப்புக்கொண்டாயிற்று, இனி வருவது வரட்டும், வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, தள்ளிவைத்த தட்டை இழுத்துச் சாப்பிட்டானாம். அவன் ஆண்மை அது. அந்த மட்டில் அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வாசல் வழியாக யார் பேசினாலும் அது யார் குரலில் வெளியே கேட்கும் என்று அந்த மடையன் ஒரு நொடி யோசிக்கவில்லை. எழுதிக் கொடுத்தவளுக்கும் தோன்றவில்லை. நான்தான் என்று எழுதியிருந்தது. மேலே தம்பியின் பெயர், தம்பியின் கை.

மறுநாள் ஒரு வேன் வந்து என் மேடை மேல் நின்றது. சரக்கு எதுவும் இல்லாத வேன்.

"எட போடணுமா?" என்று ஜன்னலில் கேட்டேன்.

மூன்று பேர் இறங்கினார்கள். பெரியவனுக்கு மழிக்காத தாடி, அழுது சிவந்த கண். மலையில் செத்த ஓட்டுநரின் கூடப்பிறந்தவர்கள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

"இங்க திருப்புளி யாரு?"

அவன் கொட்டகையில் ஒரு கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தான். எந்த வாடிக்கையாளன் வந்து கேட்டாலும் சொல்வதைப்போலக் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தான்.

"நான்தான்," என்றான்.

முதல் அடி வாயில் விழுந்தது. வேனுக்குள்ளிருந்து இரும்புக் குழாய்கள் வந்தன. கட்டுப்போட்ட தோளில் அடித்தார்கள். முழங்காலில் அடித்தார்கள். அவன் மேடை மேல் விழுந்தான். நான் எடைக்கல் ஒன்றை எடுத்து எறிந்தேன். அது ஒருவன் முதுகில் பட்டது. அவன் திரும்பி என்னை ஒரு தள்ளு தள்ளினான். என் கதவு நிலையில் நெற்றி இடித்தது. எழுந்தபோது பெரியவன் திருப்புளியின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, போனை அவன் கண்ணுக்கு முன்னால் காட்டிக்கொண்டிருந்தான்.

"நீயே எழுதியிருக்கடா. தெரிஞ்சேதான் குடுத்தேன்னு. படி. எங்கம்மாவுக்குக் கேக்குற மாதிரி படி."

திருப்புளி படித்தான். ஒரு கண் மூடிப்போயிருந்தது. இன்னொரு கண்ணால் அந்த இரண்டு வரியைப் பார்த்தான். பிறகு எதிரே கேட்டைப் பார்த்தான். அதை யார் சொல்லியிருப்பார்கள், யார் எழுதியிருப்பார்கள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கண்ணை நான் பார்த்தேன். எங்கண்ணன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சொல்லவில்லை. மூச்சு வராமல் சொல்லவில்லையா, மனசு வராமல் சொல்லவில்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது.

"அவன் இல்ல. அவன் எழுதல. எதிர்த்தாப்புல இருக்கான்," என்று நான் கத்தினேன். யாரும் கேட்கவில்லை. குழாய் அவன் தலையில் இறங்கியது.

அப்போதுதான் சம்மட்டி வந்தான். கையில் சம்மட்டி.

"நான்தான்டா எழுதினேன். வித்தது நான்தான். அவன விடு."

"இவனும் நான்தான்கிறான், நீயும் நான்தான்கிற. பேரு இவனோடது," என்றான் பெரியவன்.

சம்மட்டி வீசினான். ஒருவனின் முழங்கை எதிர்ப்பக்கம் மடங்கியது. இன்னொருவனின் இடுப்பில் விழுந்து அவன் பிராணி மாதிரி ஊளையிட்டான். அவர்களை இழுத்துக்கொண்டு பெரியவன் வேனில் ஏறினான். வேன் மேடையைவிட்டு இறங்கிப் போனது. என் அறையில் எடை காட்டும் எண்கள் சடசடவென்று இறங்கி, மேடை மேல் மிச்சமிருந்த இரண்டு பேரின் எடையில் வந்து நின்றன. ஆம்புலன்ஸ்காரர்கள் ஒருவனைத் தூக்கியபோது மறுபடி இறங்கின. சம்மட்டி மட்டும் அங்கேயே மண்டியிட்டிருந்தான்.

திருப்புளி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை.

வேன்காரர்களைப் பிடித்தார்கள். அவர்கள் சொன்னது ஒன்றுதான்: அவனே எழுதி ஒப்புக்கொண்டான். ஊர் முழுக்க அதையே சொன்னது. தெரிந்தே விரிசல் சாமானை விற்று ஆளைக் கொன்ற திருப்புளி, அவனுக்குக் கிடைத்தது சரிதான் என்று, அவன் வார்த்தையை நம்பி ஆயிரம் வண்டி ஓட்டிய மெக்கானிக்குகள் அவன் பெயருக்குக் கீழே எழுதினார்கள். சம்மட்டி போலீசிடம் போய் நான்தான் என்றான். தம்பி போன துக்கத்தில் உளறுகிறான் என்று திருப்பி அனுப்பினார்கள்.

மழை மறுபடி பிடித்துக்கொண்ட ஒரு நாள், புருஷனும் பெண்டாட்டியும் என் அறைக்கு வந்து நின்றார்கள். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நாற்காலியைத் தள்ளினேன். அவன் உட்காரவில்லை.

"அந்த ரெண்டு வரிய அழிக்கணும்கா. தம்பி இல்ல, நான்னு எழுதணும். நீங்க சாட்சிக்கு நில்லுங்க."

அண்ணி போனை எடுத்து முகவரியைச் சொன்னாள். சைட் போய்க் கதவைத் தட்டியது. வீடு ஆமாம் என்றது. ஆனாலும் உள்ளே விடவில்லை.

"என்ன சொல்லுது?" என்றான்.

"இந்த முகவரிக்கு இனிமே இங்க எடமில்லன்னு சொல்லுதுங்க. அந்த ரெண்டு வரி போன அன்னிக்கே அடச்சுட்டாங்களாம்."

"நடத்துறவனுக்கு எழுது. நான் அவன் அண்ணன், நான்தான் வித்தேன்னு எழுது."

எழுதினாள். சற்று நேரத்தில் பதில் வந்தது. அவள் படித்துவிட்டுப் போனை மடியில் கவிழ்த்தாள்.

"படி."

"நீங்க யாருன்னு காட்ட உங்க சொந்த அட்ரஸச் சொல்லுங்கன்னு கேக்குறாங்க."

அவனிடம் இருந்தது அடைபட்ட அந்த ஒரே முகவரி, புதிதாக வாங்கினால் அவனும் புது ஆள்தான். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப அந்தப் பேர விட்டுடு. வருசப் பணம் கட்டாம விட்டா தானா செத்துடும்ல?"

"சாகாதுங்க. நாம விட்டா வேற யாராவது வாங்கிக்குவாங்க. மிச்ச சைட்டுல எல்லாம் தட்டினா வீடு தொறக்கும். அவங்க தம்பி ஆயிடுவாங்க."

"அடிச்சுத் தட்டையாக்கவே முடியாதா?"

"முடியாது. நாம இருக்குற வரைக்கும் நாமதான் வெச்சிருக்கணும்."

அவன் என்னைப் பார்த்தான். நன்றாக வை, சாகிற வரைக்கும் வை என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

மழையில் இறங்கிப் போனான். யார்டுக்குள் புகுந்து உளியும் சம்மட்டியுமாகத் திரும்பி வந்தான். ஒரு டிரம்மைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி, கேட்டின் மேலிருந்த முதல் எழுத்துக்கு நேரே நின்றான். இரண்டு கையிலும் இரண்டையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு தெருவுக்கு இந்தப் பக்கம் திரும்பினான்.

"அக்கா, உளியப் புடிங்க. ரெண்டு பேரு வேணும்."

"உனக்கு உளி புடிச்சவன நீ தின்னுட்ட. நான் வர மாட்டேன்."

அண்ணி என் அறையிலிருந்து இறங்கினாள். முக்காடு கூடப் போடாமல் மழையில் தெருவைக் கடந்தாள். பக்கத்தில் ஒரு டயரைப் போட்டு ஏறி, உளியை வாங்கி எழுத்தின் மேல் வைத்தாள்.

"வெறுங்கையில புடிக்காத. துணியச் சுத்திக்க," என்றான்.

"அடிங்க."

சம்மட்டியைத் தூக்கினான். தூக்கிய கை மேலேயே நின்றது.

"அடிங்க. எழுதினது இந்தக் கைதானே."

அவன் அடித்தான். அடி உளியில் விழவில்லை, அவள் விரல்களில் விழுந்தது. அவள் உளியை விடவில்லை. கொஞ்சம் நகர்த்தி, அதே எழுத்தின் மேல் மறுபடி சரியாக வைத்தாள்.

"அடிங்க," என்றாள்.